போச்சம்பள்ளியிலிருந்து பதில் வரவில்லை

உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து கொஞ்ச நேரம் பேசும்படி கேட்டார்கள். நான் வாயைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் மூட மாட்டேன் என்று தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான், "மேடம் எழுதிக் குடுத்துடட்டும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். நல்லது. எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவது என் கண்ணில் படாது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனியின் ஓசூர் பிளாண்டில் கம்ப்யூட்டர், மெயில் எல்லாவற்றையும் ஓய்வு பெறும் வரை பார்த்துக்கொண்டவள் நான். சிவகாசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். ஷாப் ஃப்ளோரில் பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது. மெயில் அக்கா என்றால் தெரியும். எதை எங்கே செட் செய்வது என்பதையெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே நடத்துவார்கள். நான் சொல்லப்போவது அந்தப் பாடத்தில் வராத ஒரு நாளைப் பற்றி.

"மெயில் வரலை." என் வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைவிட அதிகமாக நான் கேட்ட வார்த்தை இது. ஸ்டோர்ஸில் ஒருவர் நாள் கணக்கில் மெயிலே வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். போய்ப் பார்த்தால், கை தவறி எங்கேயோ கிளிக் செய்ததில் மெயில்கள் எல்லாம் அனுப்பியவர் பெயர் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. புதிதாக வந்தவை அத்தனையும் நடுவிலும் அடியிலும் கிடந்தன. "புதுசுன்னா மேலதானே மேடம் வரணும்" என்று அப்போதும் என்னிடம்தான் கோபித்துக்கொண்டார். அதனால், வரவில்லை என்று யாராவது சொன்னால் எடுத்த எடுப்பில் சர்வரிடம் ஓடாதீர்கள். முதலில் அந்த ஆளிடம் போங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலை, டீ வந்து ஆறுவதற்குள் பெங்களூரு தலைமை அலுவலகத்திலிருந்து ராகவேந்திரா போன் செய்தார். புதிய ப்ராஜெக்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. கன்னடக்காரர், நம் ஆட்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். தங்கமான மனிதர், ஆனால் கோபம் வந்தால் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிவிடுவார். அன்று பொங்கித்தான் இருந்தார்.

"மேடம், போச்சம்பள்ளிக்கு மெயில் போகுதா, இல்லையா?"

"போகுதே சார். ஏன்?"

"ஒரு தேதி போட்டு மீட்டிங்குக்குக் கூப்பிட்டேன், பதில் இல்லை. தேதியை வியாழக்கிழமைக்கு மாத்திப் போட்டேன், அதுக்கும் பதில் இல்லை. எல்லாரும் காலண்டரை ஷேர் பண்ணுங்கன்னு சொன்னேன், ஒருத்தரும் பண்ணலை. என் ஸ்கிரீன்ல பாத்தா அந்த பிளாண்ட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு. மெயில் போகலைன்னா உங்க தப்பு. போயிருந்தா அவங்க தப்பு. ரெண்டுல எது? சாயங்காலத்துக்குள்ள கஸ்டமருக்கு நான் பிளாண்ட் பேரைச் சொல்லியாகணும்."

இதில் என்ன சிக்கல் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். நம் போச்சம்பள்ளி பிளாண்ட் முன்பு வேறொருவருடையது. நாம் வாங்கிய பிறகு மெயிலை இணைத்துவிட்டோம். காலண்டரை மட்டும் அவரவரே திறந்து காட்டினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும் என்று இருந்தது. அங்கே இருந்த பழைய பிரஸ் லைன் ஒரு வண்டிக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருந்தது, அந்த வண்டியே நின்றுபோகப் போகிறது. வேறு ஒரு கஸ்டமரின் புது லைன் வந்தால் அங்கிருப்பவர்களுக்கு வேலை. வராவிட்டால் லைனை மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போச்சம்பள்ளியா, குஜராத்தில் இருக்கும் நம் இன்னொரு பிளாண்டா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. கஸ்டமரின் ஆட்கள் வந்து பார்ப்பதற்குத்தான் ராகவேந்திரா அழைப்பு அனுப்பியிருந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு இரண்டில் எந்தப் பதிலைச் சொன்னாலும் லைன் குஜராத்துக்குப் போய்விடும். மெயில் போகவில்லை என்றால், மெயில்கூட ஒழுங்காகப் போகாத பிளாண்ட். போயிற்று என்றால், அழைப்பை மதிக்காத ஆட்கள். "மத்தியானம் தாண்டி சொல்றேன் சார்" என்று போனை வைத்தேன்.

எந்த மெயில் எப்போது எந்தப் பெட்டியில் விழுந்தது என்று பார்த்தேன். அத்தனையும் போய்ச் சேர்ந்திருந்தன. திறந்தும் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போச்சம்பள்ளி பிளாண்ட் மேனேஜரைக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்றே கேட்டுவிட்டேன்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, வேணும் மேடம். எல்லாம் தயாரா இருக்குதே. சர்வர்ல கோளாறுன்னு சொல்லிடுங்களேன். மெஷினுக்கு ரோஷமா வரப்போகுது?"

"கோளாறே இல்லையே சார்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. நீங்களே அங்கிருந்து எல்லார் பேர்லயும் அக்செப்ட் அமுக்கி விட்டுடுங்க. சாவி உங்ககிட்டதானே இருக்குது?"

சாவி இருந்தது உண்மைதான். உங்கள் கையிலும் ஒருநாள் இருக்கும். ஆனால் சாவி இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து, வாசலில் நிற்பவரிடம் "சரி, வருகிறோம்" என்று அவர்கள் குரலில் சொல்லிவிட முடியுமா? வியாழக்கிழமை அவர்கள் வராமல் போனால் யார் முகத்தில் கரி? அதைவிட, ஏன் அமுக்கவில்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை. தெரியாத ஒன்றைச் சரிசெய்துவிட்டதாக ஒரு மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பெனி வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிருஷ்ணகிரி தாண்டும்வரை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனதில் என் கோபம் கூடிக்கொண்டேதான் போயிற்று.

பிரஸ் லைனின் சூப்பர்வைசர் கோமதி. நாகரசம்பட்டிக்காரி, டிப்ளமோ படித்தவள். கான்ட்ராக்டில் சேர்ந்து, பிரஸ் மெஷின் முன்னால் நின்று, சூப்பர்வைசராக வந்தவள். அவள் லைனில் இருப்பவர்கள் எல்லாம் மத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள். அவளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வாங்க்கா! சாப்ட்டீங்களா?" என்று ஓடி வந்தாள். பாதி வசனம் அங்கேயே போய்விட்டது.

லைனைப் பார்த்தேன். தரையில் மஞ்சள் கோடுகள் புதிதாக அடிக்கப்பட்டிருந்தன. அச்சுகள் துடைத்து அடுக்கியிருந்தன. ராகவேந்திராவின் அழைப்பை அப்படியே பிரிண்ட் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி போர்டில் ஒட்டியிருந்தாள். வியாழக்கிழமைக்கு பஸ்ஸை முன்னதாகவே அனுப்பச் சொல்லி ஏற்பாடும் முடிந்திருந்தது.

"இந்த அழைப்பு வந்துச்சா உனக்கு?"

"வந்த அன்னிக்கே பாத்துட்டங்க்கா."

"பிறகு ஏன் பதில் போடல?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "பதிலா? சார் எதுவும் கேக்கலியேங்க்கா. வரச் சொன்னாரு, வரோம்."

"கீழ அக்செப்ட்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அத எப்புடிங்க்கா நான் அமுக்கறது?" அவள் குரல் இறங்கிவிட்டது. "அவ்வளவு பெரிய சாரு கூப்புடறாரு. 'சரி, ஒத்துக்கறேன்'னு நான் சொல்றதா? அவரு என்ன எங்கிட்ட பர்மிசனா கேக்கறாரு? பெரியவங்க கூப்ட்டா போயி நிக்கறதுதானேங்க்கா மரியாதை?"

பக்கத்தில் நின்ற குவாலிட்டிக்காரரும் தலையாட்டினார். "ஆமாங் மேடம். அமுக்குனா திமிருன்னு நெனச்சுக்குவாங்க. நாங்க யாருமே அமுக்கறதில்லைங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்று போயிற்று. அங்கே பிளாண்டே கோடு அடித்துக் கொண்டு காத்திருக்கிறது. பெங்களூரில் ஒரு மனிதர் வெறும் ஸ்கிரீனைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கிறார். மெயில் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாம் நின்றிருந்தது, அதைக் காட்டும் பதிவு எதுவும் என் சர்வரில் கிடையாது.

எல்லோரையும் கேன்டீன் மேசையைச் சுற்றி உட்கார வைத்தேன். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டவங்களுக்கு எத்தனை இலை போடணும்னு தெரிய வேண்டாமா? அதுக்குத்தான் இந்தப் பட்டன். பர்மிஷன் குடுக்கிறது இல்ல. 'எனக்கும் ஒரு இலை போடுங்க'ன்னு சொல்றது. சொல்லாம இருந்தாத்தான் கூப்பிட்டவருக்கு மரியாதைக் குறைவு." ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் குவாலிட்டிக்காரர் அமுக்கினார். பிறகு ஒவ்வொருவராக அமுக்கினார்கள். கோமதி கடைசியாக அமுக்கிவிட்டு, உடனே எதிர்முனையிலிருந்து யாரோ திட்டப்போவதுபோல ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது காலண்டர். மற்றவர்கள் பட்டென்று திறந்து கொடுத்துவிட்டார்கள். கோமதி மட்டும் தயங்கினாள். "என்ன?" என்றதற்கு எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து எனக்கு மட்டும் காட்டினாள். நெருக்க நெருக்கமாகத் தமிழில் அடித்து வைத்திருந்தாள். சுதாவின் குழந்தைக்குத் தடுப்பூசி. கலாவின் நாத்தனாருக்கு நிச்சயம். மாலதிக்கு இந்த இரண்டு நாளும் கனமான வேலை கொடுக்கக் கூடாது. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுகளைப் பார்த்துத்தான் யாரை எந்த மெஷினில் நிறுத்துவது என்று தீர்மானித்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் அந்தப் புள்ளைங்க என்னை நம்பிச் சொன்னதுங்க்கா. பெங்களூருக்கு எதுக்கு?"

நியாயம்தான். நேரம் மட்டும் தெரியும், விஷயம் தெரியாதபடி காட்டலாம் என்று சொன்னேன். சொன்னால் போதாது, பயம் போகாது. என் லேப்டாப்பில் திறந்து, அடுத்தவருக்கு எப்படித் தெரியும் என்று காட்டினேன். வெறும் கட்டம் கட்டமாக நிறம் மட்டும் தெரிந்தது. அவளுக்குத் தெம்பு வந்தது. அப்போதுதான் வியாழக்கிழமைக் கட்டத்தை நான் பார்த்தேன். மீட்டிங் நேரத்திலேயே அவளுடைய வேலை ஒன்றும் இருந்தது. அவள் லேப்டாப்பில் அதே இடத்தில், "அம்மா, கண் ஆபரேஷன், கிருஷ்ணகிரி" என்று இருந்தது.

"அதை அழிச்சிடறங்க்கா" என்று மவுசை நகர்த்தினாள்.

"அம்மாகூட யாரு போவா?"

"பக்கத்து வீட்டு அக்கா போறேன்னாங்க. அம்மாவுக்கு இப்ப பஸ் போர்டுகூடத் தெரியறதில்ல, ஏற்கெனவே ஒருதரம் தள்ளிப் போட்டாச்சு. இன்னொரு தரம் தள்ள முடியாதுங்க்கா. அதுக்காக நான் வராம இருக்க முடியுங்களா? என் லைன்ல இருக்கற புள்ளைங்க எல்லாம் என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்காங்க."

எட்டிப் பார்த்த பிளாண்ட் மேனேஜரும், "அழிச்சிடும்மா, வம்பு எதுக்கு?" என்றார்.

"ஏ பிள்ள, கையை எடு" என்றேன். எனக்குப் படபடப்பு வந்தால் சிவகாசி வெளியே வந்துவிடும்.

நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதுதான் அக்செப்ட் வந்திருக்கிறது, அதே நேரத்தில் வேறு வேலை என்று காட்டினால் அந்த மனிதர் பொங்கி, குஜராத் என்றே எழுதிவிடலாம். லைன் போனால் எனக்கு ஒன்றுமில்லை. நான் ஓசூருக்குத் திரும்பிப் போய் மிச்ச வேலையைப் பார்ப்பேன். போவது கோமதிக்கும் அவள் ஆட்களுக்கும். ஆனால் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுக் காலண்டரைத் திறந்து காட்டினால், அதற்குத் திறக்காமலே இருந்திருக்கலாமே! அன்று எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்.

"முடிவு உன்னுது. நான் சொல்றதைக் கேட்டு லைன் போயிருச்சுன்னா, காலம் முழுக்க என்னைத் திட்டு. ஆனா அது அங்கேயே இருக்கட்டும்."

கோமதி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எதையும் அழிக்காமல் ஷேர் செய்தாள்.

நான் கூப்பிடுவதற்குள் ராகவேந்திராவே கூப்பிட்டார். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், இப்ப எல்லாம் வருது. என்ன பண்ணீங்க? அது இருக்கட்டும், கோமதி யாரு? வியாழக்கிழமை காலைல அவங்களுக்கு வேற வேலை இருக்கு போல, ஆனா வரேன்னும் போட்டிருக்காங்க?"

நான் கோமதியைப் பார்த்தேன்.

"சார், நான்தான் கோமதி" என்றாள் சன்னமாக. பிறகு எங்கிருந்து வந்ததோ, அவருக்குச் சரியாகப் புரிய வேண்டும் என்று கன்னடத்திலேயே சொன்னாள். "அம்மனிகெ கண்ணு ஆபரேஷன், சார்." சொல்லிவிட்டு அவசர அவசரமாகத் தமிழுக்கு வந்தாள். "ஆனா நான் கண்டிப்பா வந்துடுவேன் சார். அம்மாவைப் பக்கத்து வீட்டுல பாத்துக்குவாங்க."

"இருமா, இரு. மொதல்ல ஒரு தேதி போட்டேனே, அன்னிக்கு உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"அன்னிக்குத்தான் சார் மொதல்ல ஆபரேசன் இருந்துச்சு. நீங்க கூப்ட்டீங்கன்னு தள்ளிப் போட்டேன்."

"அப்புறம் நான் தேதியை மாத்தி..."

"ஆமாங் சார். கரெக்டா அந்த நாளுக்கே மாத்திட்டீங்க."

குவாலிட்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். பிறகு ராகவேந்திரா பேசியபோது அது பொங்குகிற குரலாக இல்லை.

"ஏன்மா இதைச் சொல்லலை? வியாழனா வெள்ளியான்னு கஸ்டமர் என்னைத்தான் கேட்டாங்க. நீங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லலை, அதனால நானா ஒரு நாளைப் போட்டேன். இங்க போச்சம்பள்ளிக்குத்தான் குடுக்கணும்னு நான் ஒத்தை ஆளா நின்னு பேசிட்டிருக்கேன். உங்களுக்கே இஷ்டம் இல்லை போலன்னு நெனச்சுட்டேன்."

"ஐயோ, இல்லைங் சார்" என்றாள் கோமதி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு மாத்தறேன். அம்மாவைப் பாத்துட்டு வா. கஸ்டமருக்கு உங்க பிளாண்ட் பேரைத்தான் சொல்லப் போறேன்."

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே புதுத் தேதியோடு அழைப்பு வந்து விழுந்தது. இந்த முறை கோமதி யோசிக்கவே இல்லை. மற்ற எல்லோருக்கும் முன்னால் அமுக்கினாள்.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. லைன் வந்தது. கோமதி இன்று அதற்கு இன்சார்ஜ். நீங்கள் போச்சம்பள்ளிக்குப் போனால் பார்ப்பீர்கள், சாப்பிடாமல் அனுப்ப மாட்டாள்.

அதன் பிறகு நான் இரண்டு பக்கமும் பேசினேன். போச்சம்பள்ளியில் பட்டனைப் பற்றிச் சொன்னேன். பெங்களூரில், பதில் வராவிட்டால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள் என்று சொன்னேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. நீங்களும் நாளைக்கு ஒரு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து, எல்லாம் பச்சையாக இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோகப் பார்ப்பீர்கள். போகாதீர்கள் பிள்ளைகளே. பச்சையாக இருக்கும்போதும் யாராவது வருத்தத்தில் இருக்கிறார்கள் என்றால், உங்கள் வேலை இன்னும் முடியவில்லை. அடுத்தவர் பெயரில் எதையும் அமுக்காதீர்கள். அவர்களுக்குச் சங்கடமான ஒன்றை மறைத்து உதவி செய்யாதீர்கள். நேரம் இருந்தால் வண்டி ஏறுங்கள். நேரம் இல்லாவிட்டாலும் ஏறத்தான் வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன், அது இதோடு சேர்ந்ததுதான். பிரிவு உபசாரத்துக்கு நானே காலண்டரில் எல்லோரையும் அழைத்தேன். என் தொழிலின் கடைசி மீட்டிங் அல்லவா? போச்சம்பள்ளியிலிருந்து மளமளவென்று அக்செப்ட் வந்தது. பெருமையாக எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு டிக்ளைன் வந்தது. கோமதி. கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, அன்னிக்கு லைன்ல ஆடிட். வர முடியாது. மறுநாள்னா வருவேன்."

அந்தப் பிளாண்டிலிருந்து நான் பார்த்த முதல் டிக்ளைன் அது. வந்த அத்தனை அக்செப்டையும் சேர்த்துவைத்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கிடைத்திருக்காது. அந்தப் பெண் என்னை அவ்வளவு நம்பியிருக்கிறாள்! உட்கார்ந்த இடத்திலேயே நிகழ்ச்சியை மறுநாளுக்கு மாற்றினேன். கேக்கில் தேதி எழுதியாகிவிட்டது என்று அட்மினில் புலம்பினார்கள், அழித்து எழுதச் சொன்னேன். ஓய்வு பெற்றாகிவிட்டதால் மறுநாள் நான் கம்பெனியில் இல்லை. கேட்டில் விசிட்டர் பாஸ் வாங்கிக்கொண்டு சொந்தப் பிரிவு உபசாரத்துக்குப் போன ஒரே ஆள் இந்தக் கம்பெனியில் நான்தான்.

கோமதி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த அம்மா நேராக என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஆபரேசன் அன்னிக்கு கண்ணுல கட்டோட படுத்திருந்தேன். இவ பக்கத்துலயே உக்காந்து உங்களப் பத்தியே பேசிட்டிருந்தா. அந்த அக்கா எப்புடி இருப்பாங்களோன்னு அப்பவே எனக்குப் பாக்கணும்னு இருந்துச்சு."

"இப்ப நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியுது சாமி" என்றார்.

எனக்குத்தான் கொஞ்ச நேரம் எதுவும் சரியாகத் தெரியவில்லை.